தார்ப் பரலில் நின்ற தென்னம்பிள்ளை

எங்கள் வளவில், குசினிக்குப் பின்பக்கம், ஒரு அரைப் பரல் இருக்கிறது. எப்போதோ வீதி போடுவதற்குத் தார் கொண்டுவந்த தகரப் பீப்பாய்; எங்கள் பக்கம் பரல் என்போம். அதை நடுவால் வெட்டி, கையை அறுக்காமல் இருக்க விளிம்பைச் சுத்தியலால் அடித்து உள்ளே மடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் தார் வழிந்து உறைந்த தடம் இன்னும் உண்டு. பங்குனி வெயிலுக்கு அது இளகும். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இந்தப் பரலுக்குள் பல வருடங்களாக ஒரு தென்னம்பிள்ளை நின்றது. காடு வெட்டிய நிலம் சுற்றிவரக் கிடக்க, வேர் போக மண் கிடக்க, அது மட்டும் தகரத்துக்குள் நின்றது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பூக்கன்று மாதிரி வடிவாக இருக்கிறது என்பார்கள். அது வடிவுக்கு வைத்தது இல்லை. அதை அங்கே வைத்தவர் என் அத்தை, என் வீட்டுக்காரரின் தாய். ஏன் தகரத்தில் வைத்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் வயிற்றுக்குள் கிடந்து புளிக்கிறது.

அத்தை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, கைக்குழந்தையோடும் மாமாவோடும் லொறியொன்றில் ஏறி வன்னிக்கு வந்தார். மல்லாவிப் பக்கம், குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் வயலும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தது. அந்தக் குடும்பத்துத் தலைவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் எல்லோருக்கும் மாஸ்டர். அவர்தான் அத்தையையும் மாமாவையும் கூட்டிவந்து, தன் மேட்டுக்காணியின் கடைசி மூலையில், காட்டை ஒட்டி, ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். காட்டை ஒட்டி என்றால் யானை வருகிற பக்கம். அத்தை அதைப் பகிடியாக, சிரித்துச் சிரித்தே சொல்லுவார்: "யானை வந்தா மொதல்ல நம்மளத்தான் மிதிக்கும். நாம கத்துற சத்தத்துல மாஸ்டரு வூட்டு நாய் முழிச்சுக்கும். நாய் கொரைச்சா மாஸ்டரு முழிச்சுக்குவாரு. இதுக்குத்தான்டி நம்மளக் காசில்லாத வேலியா நட்டு வச்சிருக்காரு."

மாஸ்டர் கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, மெதுவான கதை. காய்ச்சல் என்றால் குளிசை கொடுத்துவிடுவார். தீபாவளிக்குத் துணி கொடுப்பார். ஆட்கள் கூடியிருக்கும்போது, "எங்கட பாட்டன் காலத்திலை அடிமை குடிமையோடை இருந்த குடும்பம், இப்ப பாருங்கோ, நானே மண்வெட்டி பிடிக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் மண்வெட்டி பிடித்ததை நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நினைவிருக்கிறது. அடிமை வைத்திருந்ததை, ஒரு காலத்தில் வீட்டில் யானை நின்றது என்று சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். கேட்டு நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். அந்த அடிமைகளுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அத்தை வந்த அடுத்த வருடம் வைகாசியில், மாஸ்டர் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் கையோடு அம்மன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து, காணியில் குடியிருந்த கூலிக் குடும்பங்களையெல்லாம் வயல் வரம்புக்குக் கூப்பிட்டார். வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தினார். வாழை வைக்கலாம், பப்பாசி வைக்கலாம், முருங்கை வைக்கலாம், ஆனால் தென்னை, மா, பலா என்று நின்று பலன் தருகிற எந்த மரத்தையும் இந்த மண்ணில் வைக்கமாட்டோம் என்று ஒவ்வொருவரும் கற்பூரத்தில் கையடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். வைத்தால் அம்மன் பார்த்துக்கொள்ளுவாள் என்றார். அத்தை கையடித்தார். உள்ளங்கையில் சின்னத் தழும்பு கடைசிவரை இருந்தது.

மரத்தில் என்ன இருக்கிறது என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் காணிச் சண்டை என்று வந்தால் முதலில் கேட்பது, யார் வைத்த மரம் நிற்கிறது என்றுதான். வாழை இரண்டு வருடத்தில் விழுந்துவிடும். தென்னை ஆள் செத்த பிறகும் நிற்கும், வைத்தவன் இங்கே இருந்தான் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். மாஸ்டர் படித்தவர், அவருக்கு அது தெரியும். வேலி போட்டால் கறையான் தின்னும் என்று, அம்மனை வேலியாகப் போட்டார்.

அதே மாஸ்டருக்கு, அவர் வீட்டுப் பக்கம், தெருவிலிருந்து கிணறு வரைக்கும் தென்னை வரிசை வைத்துக்கொடுத்தது என் மாமா. இடுப்பளவு குழி வெட்டி, அடியில் தேங்காய் உரித்த பொச்சை அடுக்கி, ஆனையிறவு உப்பில் ஒரு கை போட்டு, மேல்மண்ணால் மூடிப் பிள்ளையை வைப்பாராம். கோடை முழுக்க வாய்க்காலில் அள்ளி அள்ளி ஊற்றியது அத்தை. அந்தத் தென்னைகள் காய்த்த பிறகும், தைப்பொங்கலுக்கு உடைக்க ஒரு தேங்காய் வேண்டுமென்றால் அத்தை மாஸ்டர் வீட்டுப் பின்வாசலில் போய் நிற்பார். மாஸ்டரின் மனைவி காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, நீர் வற்றிய ஒன்றாகப் பொறுக்கித் தருவாராம். தன் கையால் தண்ணீர் ஊற்றிய மரத்தின் காயை இரண்டு கையும் நீட்டி வாங்கி வரவேண்டும். அத்தைக்குத் தோப்பு ஆசை இல்லை, காணி ஆசைகூட இல்லை. "நம்ம பொங்கலுக்கு நம்ம தேங்கா ஒண்ணு ஒடைக்கணும். அவ்வளவுதான் புள்ள" என்பார்.

நான் கலியாணம் முடித்து அந்தக் கொட்டிலுக்கு வந்தபோது மாமா உயிரோடு இல்லை, பரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. உள்ளே ஒரு தென்னம்பிள்ளை, என் நெஞ்சளவு உயரம், மஞ்சளும் பச்சையுமாக. இதை ஏன் இறக்கி வைக்கக்கூடாது என்று வந்த கிழமையே கேட்டேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மண்ணுல வக்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனேன்? தகரத்துல வக்க மாட்டேன்னா பண்ணுனேன்?" மாஸ்டரிடமும் அதையேதான் சொன்னாராம். மாஸ்டர் முதலில் முகத்தைச் சுருக்கி, "என்னடி இது, ஆருக்கு வேடிக்கை காட்டுறாய்?" என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரும் சிரித்துவிட்டு, "நீ கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதை ஒரு வெற்றி மாதிரி அத்தை சொல்லுவார். எனக்கும் அப்போது வெற்றியாகத்தான் பட்டது.

பிறகுதான் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் எங்கள் மூலைக்கு வருகிற ஒவ்வொரு முறையும், கதைத்துக்கொண்டே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரலுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். செருப்புக் காலால் பரலின் அடியை ஒரு தள்ளுத் தள்ளுவார். பரல் அசைந்தால் திருப்தி. அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்து வேர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதோ என்று பார்க்கிறாராம். அதைச் செய்யும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. மழையைப் பற்றிக் கேட்பார், நெல்லைப் பற்றிக் கேட்பார், கால் மட்டும் அந்த வேலையைச் செய்யும். ஒவ்வொரு தள்ளுக்கும் ஓலை நடுங்கும். அத்தை பக்கத்தில் நின்று, "அசையுதுங்க ஐயா" என்பார். அவர் போன பிறகு செருப்பு பட்ட இடத்தை முந்தானையால் துடைப்பார். எனக்கு அந்தக் காலைப் பார்க்கவே கூசும். இன்றைக்கும் யாராவது எதையாவது காலால் தட்டிப் பார்த்தால் என் உடம்பு ஒருமுறை உதறும்.

சண்டை நெருங்கி வந்தபோது மாஸ்டர் குடும்பம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டது. அவர் மகன், அத்தை சின்னையா என்று கூப்பிடுகிறவர், முன்னமே அங்கேதான் இருந்தார். மாஸ்டர் அங்கேயே செத்துப்போனார். நாங்கள் ஓடினோம். எங்கே எங்கே ஓடினோம் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஓட்டத்தில் அத்தையின் இளைய மகன், என் கொழுந்தன், கடற்கரைப் பக்கம் ஷெல் விழுந்து போய்விட்டான். சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து திரும்ப விட்டபோது நாங்கள் மூன்று பேர்தான் வந்தோம்: அத்தை, என் வீட்டுக்காரர், நான்.

கொட்டில் இல்லை. மாஸ்டர் வீட்டுக்குக் கூரை இல்லை. காய்ந்த பற்றை மூடிக் கிடந்த எங்கள் மூலையில் ஒன்றே ஒன்று பச்சையாக, என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில், நிமிர்ந்து நின்றது. பரலின் அடித்தகரம் துருப்பிடித்து விழுந்து, வேர் மண்ணுக்குள் போயிருந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் அது தானாகவே இறங்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகை வந்தது. இனி இந்த மரம் நிற்கட்டும், இது எங்களுடையது என்று நான் சொன்னேன்.

அத்தை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு குந்தி இருந்து, பரலின் அடியில் கையை விட்டு, வேரைத் தடவிப் பார்த்தார். "இது எறங்குன வருசந்தான் எம் புள்ள போனான்" என்றார். நாங்கள் இருவரும் என்னென்னவோ சொன்னோம். ஷெல்லுக்கும் தென்னைக்கும் என்ன தொடர்பு என்று என் வீட்டுக்காரர் கத்தினார். மாஸ்டரே இல்லை, அவரிடம் செய்த சத்தியம் என்ன சத்தியம் என்று நான் கேட்டேன். "மாஸ்டருகிட்டயா பண்ணுனேன்? அம்மாகிட்டல்ல பண்ணுனேன்" என்றார். அடுத்த நாள் நாங்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தபோது, பக்கத்துக் காணியில் மண் இளக்கும் இரும்பு அலவாங்கு இரவல் வாங்கி, அந்த உடம்போடு, மரத்தைச் சுற்றிக் கிண்டி, வேர்களைக் கத்தியால் அறுத்து, பரலோடு சாய்த்திருக்கிறார். நாங்கள் வரும்போது, கொட்டிலுக்கென்று தந்த கூரைத் தகரத்தில் ஒரு துண்டை வெட்டிப் பரலுக்கு அடி போட்டு, மரத்தை மறுபடி அதற்குள் நிறுத்திக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. "இனி ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

மரம் அந்த மாதமே வாடத் தொடங்கியது. ஓலை ஒவ்வொன்றாகத் தொங்கியது. கடைசியில் நான் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தபோது அது முழுதாகக் கையோடு வந்தது. அடிப்பக்கம் கூழாகி, அழுகல் நாற்றம் வீசியது. அந்த நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. எனக்கு அத்தைமீது கோபமே வரவில்லை. ஒரு மனிதன் தன் காணிக்குப் பூட்டுப் போடுவதற்காக ஒரு தாயின் நெஞ்சுக்குள் எதை விதைத்துவிட்டுப் போனான் என்பதைத்தான் நினைத்தேன். அவர் செத்துப்போன பிறகும், கனடாவில் எரித்த பிறகும், அவர் கால் இங்கே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அத்தை பரலில் எதையும் வைக்கவில்லை. அடுப்புச் சாம்பலைக் கொட்டினோம். சில வருடங்களில் அவரும் போனார். அவர் செய்த கடைசிப் பொங்கலுக்கும் கடையில் வாங்கிய தேங்காயைத்தான் உடைத்தோம்.

இப்போது என் வீட்டுக்காரர் ஆனையிறவு உப்பளத்தில் வேலை. கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். நான் இங்கே தனியாக இருக்கிறேன். எனக்கு எப்போதும் எதையாவது பற்றிப் பயம். சைக்கிளில் யாராவது வாசற் படலையைக் கடந்தால், காணியைவிட்டு எங்களை எழுப்ப வருகிறார்களோ என்று எட்டிப் பார்ப்பேன். இந்தக் காணி இன்னும் மாஸ்டர் குடும்பத்தின் பெயரில்தான் கிடக்கிறது. ஒரு துண்டு எங்கள் பெயரில் எழுதித் தந்தால் போதும் என்று அரசாங்கக் காணிக் கந்தோரில் மனுக் கொடுத்துவிட்டு, ஏன் கொடுத்தோம் என்றும் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் போனில், எங்கள் ஊர்க் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் பெட்டி பெட்டியாகத் தெரிந்து கதைக்கிறார்கள். அமெரிக்காவிலும் அங்குள்ள தீவுகளிலும் அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று விவாதம். ஒரு பெட்டியில் சின்னையா. தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே மாஸ்டரின் குரல். வேண்டாம் என்கிற ஒருவர் சொன்னார்: "செய்தவனும் செத்துப்போனான், பட்டவனும் செத்துப்போனான். இப்ப ஆர் ஆருக்குக் குடுக்கிறது?" சின்னையா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்தது ஆக்கள்தான். காணி சாகேல்லை. அந்தக் காணியிலை கட்டின வீடு சாகேல்லை, அதாலை வந்த படிப்புச் சாகேல்லை." மற்றவர் விடவில்லை. அவர்களுக்குச் சாப்பாடும் இருக்க இடமும் கொடுத்துத்தானே வைத்திருந்தார்கள் என்றார். "மாட்டுக்கும்தான் வைக்கல் போடுறம். அது மாட்டுக்குச் செய்த உபகாரமோ? மன்னிப்புக் கேக்கிறது சுகம். நிலத்திலை ஒரு துண்டைக் குடுத்துப் போட்டுக் கேட்டால்தான் அது மன்னிப்பு."

நான் அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்க வைத்தேன். அந்த மனிதர்கள் யார், எந்தத் தீவு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கரும்புத் தோட்டம் என்றார்கள், வரிசைக் கொட்டில் என்றார்கள், சவுக்கு என்றார்கள். சவுக்கைத் தவிர மிச்சமெல்லாம் அத்தையின் வாயில் நான் கேட்டதாகவே இருந்தது. இப்படி விளங்கி வைத்திருக்கிற ஆள் எங்களுக்கு இல்லையென்றா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் படலையைப் பூட்டவே மறந்து நித்திரையானேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

எங்கள் மனுவை விசாரிக்க நாள் வைத்தபோது, அதற்காகவே சின்னையா கனடாவிலிருந்து வந்தார். நல்ல மனிதர் மாதிரிச் சிரித்துக்கொண்டு, கையில் சொக்லட் பெட்டியோடு வந்தார். "என்னை ஐயா எண்டு கூப்பிடாதேங்கோ தங்கச்சி, அண்ணா எண்டு கூப்பிடுங்கோ" என்றார். காணி உத்தியோகத்தர் ஒரு இளம் பெண்பிள்ளை, தன்மையாகத்தான் கதைத்தா. வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெருப்பக்கத் தென்னை வரிசையைக் காட்டி, அவை ஆர் வைத்தவை என்று கேட்டா.

"அப்பா வைச்சது" என்றார் சின்னையா.

"குழி வெட்டி வச்சது எங்க மாமா" என்றேன்.

"கூலிக்குத்தானே அம்மா வெட்டினவர்? சரி, உங்கட பக்கம் நிலைச்ச பயிர் ஏதும் நிக்குதோ? தென்னை, மா, அப்பிடி?" என்று கேட்டா உத்தியோகத்தர்.

நான் சாம்பல் கிடந்த பரலைப் பார்த்தேன். "இருந்துச்சு" என்றேன்.

"இருந்ததை நான் எழுதேலாது அம்மா. நிக்கிறதைத்தான் எழுதலாம்."

மரம் வைக்கக்கூடாது என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார்கள், அதனால்தான் இல்லை என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அந்தப் பிள்ளை சின்னையாவைத் திரும்பிப் பார்த்தா. அவர் சிரித்தார். மாஸ்டர் அடிமை குடிமை என்று சொல்லிச் சிரிப்பாரே, அதே சிரிப்பு. "அது அந்தக் காலத்துக் கதை மிஸ். அப்பா பகிடிக்கு ஏதும் செய்திருப்பார். அந்த ஆளும் இல்லை, இவையின்ரை கிழவியும் இல்லை, இப்ப ஆரைக் கேக்கிறது? உடுத்த துணியோடை ஓடி வந்ததுகள். இருக்க இடம் குடுத்து, சாப்பாடு குடுத்து வைச்சிருந்தது எங்கட குடும்பம். இவையை ஒருத்தரும் எழுப்பப் போறேல்லை. நான் இருக்குமட்டும் இருக்கட்டும். எழுத்திலை மட்டும் வேண்டாம்."

பகிடிக்கு. என் அத்தை உரிந்த கையோடு மரத்தை அறுத்துச் சாய்த்தது ஒரு பகிடிக்கு. வாயில் எச்சில் ஊறியது. துப்பாமல் விழுங்கினேன். மழைக்குப் பிறகு இன்னொருமுறை வந்து பார்ப்போம் என்று சொல்லி உத்தியோகத்தர் போனா. அவ போன பிறகு, எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, சின்னையாவிடம் சொன்னேன்: "ஐயா, நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். காணி சாகல்லன்னு சொன்னீங்க."

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டனீங்களோ? நல்லா இருந்ததோ?" என்றார். அவருக்குச் சத்தியமாக வெட்கமே இல்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்று பிறகுதான் விளங்கி, தோளில் தட்டுவதுபோலக் கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கினார். "தங்கச்சி, அது வேறை. அது அடிமை. அவையளை விலைக்கு வாங்கி வித்தவங்கள்."

"எங்களை வெலைக்கு வாங்கல்லதான் ஐயா. நாங்க சும்மாவே கெடச்சோம்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "நல்லாக் கதைக்கிறியள்" என்றார், ஒரு பொருளைக் கடையில் கண்டெடுத்தவர் மாதிரி.

பிறகு காரிலிருந்து ஒரு தென்னம்பிள்ளையை இறக்கினார். அப்பாவின் நினைவாக வைக்கப்போகிறாராம். வைத்த இடம் என் வீட்டு வாசலுக்கு நேரே. என்னிடம் மண்வெட்டி வாங்கி இரண்டு கொத்துக் கொத்தினார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். மிச்சக் குழியை நான்தான் வெட்டினேன். "கவனமாத் தண்ணி ஊத்துங்கோ. உங்களுக்கும் நிழல்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, குழியில் நின்ற கன்று இறுகிவிட்டதா என்று செருப்புக் காலால் சுற்றி மிதித்துப் பார்த்தார். என் உடம்பு உதறியது.

அவர் திரும்பிப் போன கொஞ்ச நாளில் அடுத்த வீடியோ வந்தது. அதே பெட்டிகள், அதே விவாதம். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வன்னியிலை ஒரு ஏழைத் தாய் எனக்குச் சொன்னா. எங்களை விலைக்கு வாங்கேல்லை ஐயா, நாங்கள் சும்மா கிடைச்சனாங்கள் எண்டு. அந்த வசனம் என்னை நித்திரை கொள்ள விடேல்லை." கீழே கைதட்டுகிற படங்களும் இதயங்களும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று வாதாடிய மனிதர்கூடத் தலையைக் குனிந்தார். பிறகு தென்னம்பிள்ளையின் போட்டோவைக் காட்டினார். அதற்குப் பின்னால் என் வீடு, என் படலை, கொடியில் என் சேலை. மாஸ்டர் எங்கள் உழைப்பை எடுத்தார், எங்கள் அம்மனை எடுத்தார். மகனுக்கு எடுக்க மிச்சம் இருந்தது என் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு வார்த்தை. அதையும் கொண்டுபோய்விட்டார். அந்த வார்த்தை இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வேறொருவர் மென்று துப்பியதை எப்படி மறுபடி வாயில் போடுவது?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. பரலைக் கவிழ்த்துச் சாம்பலைக் கொட்டினேன். அடியில் அத்தை வெட்டிப் போட்ட கூரைத் தகரம் இன்னும் உறுதியாக இருந்தது. சின்னையா வைத்த பிள்ளையைச் சுற்றி அலவாங்கால் கிண்டி, ஒரு வேரும் அறாமல், மண்ணோடு தூக்கிப் பரலுக்குள் இறக்கினேன். காலியான குழியை இன்னும் ஆழமாக்கினேன். பொச்சு அடுக்கினேன். என் வீட்டுக்காரர் ஆனையிறவிலிருந்து கொண்டுவரும் உப்பில் ஒரு கை போட்டேன். மாமா வைத்த வரிசையிலிருந்து விழுந்து, கிணற்றடியில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு தேங்காயைக் கொண்டுவந்து வைத்து மண்ணால் மூடினேன். மூடும்போது அம்மனை நினைத்துக்கொண்டேன். அவள் ஒருநாளும் மரத்தைக் கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பயந்துகொண்டேதான் மூடினேன்.

கிழமைக் கடைசியில் வந்த என் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார், பரலைப் பார்த்தார். "என்னா வேலை செஞ்சு வச்சிருக்க? அவரு வந்து கேட்டா?" என்றார்.

"தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஊத்துறேன்" என்றேன்.

நான் வைத்தது சான்றாக நிற்க எத்தனையோ வருடம் ஆகும். மழைக்குப் பிறகு அந்த உத்தியோகத்தர் வந்தாலும் எழுதமாட்டா. எல்லாம் தெரியும். வாசலில் கார் சத்தம் கேட்டால் இன்னும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் குருத்து விட்டிருக்கிறது. வாசலில் நிற்பது என்னுடையது. குசினிக்குப் பின்னால், அத்தையின் பரலுக்குள், மாஸ்டரின் நினைவு மரம் நிற்கிறது. பட்டுப்போக நான் விடமாட்டேன். தினமும் பின்னேரம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டு, செருப்பைக் கழற்றாமல், பரலின் அடியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்க்கிறேன்.

அசைகிறது.